மடிசாருக்குள் ஒரு தகப்பன்

‘அவ்வை சண்முகி’ படத்தைப் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய சிறு குறிப்புக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. 1996ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த அந்தப் படத்தை, மாறுவேடமும் காதலும் ஆண் பெண் கடமைகளும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கும் தமிழ் நகைச்சுவைப் படங்களுள் தலையாயது என்று அக்குறிப்பில் சொல்லியிருந்தேன். சிலர் உடன்பட்டிருக்கிறார்கள்; சிலர் கடுமையாக மறுத்திருக்கிறார்கள். இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அக்கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதை சுருக்கமாக: திரைப்படத்துறையில் நடன உதவியாளனாக இருக்கும் பாண்டியனும், தோல் வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்த விசுவநாத ஐயரின் மகள் ஜானகியும் சாதி கடந்து காதலித்து மணந்தவர்கள். அந்த மணம் முறிகிறது. மகள் பாரதி தாயிடம் வளர வேண்டும் என்றும், தகப்பன் வாரத்தில் ஒரு நாள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் நீதிமன்றம் தீர்ப்பளிக்கிறது. மகளைப் பிரிந்திருக்க மாட்டாத பாண்டியன், ஒப்பனைக் கலைஞரான ஜோசப்பின் உதவியோடு சண்முகி என்னும் மடிசார் மாமியாக உருமாறி, மாமனார் வீட்டிலேயே குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்கிறான். அந்த மாமியின்மேல் விசுவநாத ஐயரும், பாண்டியன் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரான முதலியாரும் ஆசை கொள்கிறார்கள். பாண்டியனாகவும் சண்முகியாகவும் கமல்ஹாசன், ஜானகியாக மீனா, ஐயராக ஜெமினி கணேசன், முதலியாராக மணிவண்ணன், ஜோசப்பாக நாகேஷ். கே. எஸ். ரவிகுமார் இயக்க, கிரேசி மோகன் வசனம் எழுதினார்.

கேள்வி: சங்ககாலப் புலவரின் பெயரை ஒரு கேலிப் படத்துக்குச் சூட்டியது முறையா? தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு இது இன்றும் உறுத்தலாக இருக்கிறது. (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: ஐயா, அந்தப் பெயர் அவ்வையாரைக் கேலி செய்ய வைக்கப்பட்டதன்று, ஒரு நாடகக் கலைஞருக்குச் செலுத்தப்பட்ட வணக்கம். டி. கே. சண்முகம் மேடையில் அவ்வையாராக நடித்துப் பெற்ற புகழால் ‘அவ்வை சண்முகம்’ என்றே அழைக்கப்பட்டார். சென்னையில் அவர் பெயரால் ஒரு சாலையும் இருக்கிறது. கமல்ஹாசன் இளவயதில், சண்முகமும் அவர் சகோதரர்களும் நடத்திய டி. கே. எஸ். நாடகக் குழுவில் பயிற்சி பெற்றவர். ஆகவே தாம் பெண் வேடம் ஏற்ற படத்துக்கு, பெண் வேடத்தால் பெருமை பெற்ற ஆசானின் பெயரைச் சூட்டியிருக்கிறார்.

அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்த சிறுவர்களுள் டி. கே. எஸ். சகோதரர்களும் அடங்குவர். பாய்ஸ் கம்பெனி என்று மக்கள் அழைத்த அத்தகைய குழுக்களில் ராஜபார்ட் முதல் ஸ்திரீபார்ட் வரை எல்லாமே சிறுவர்களுக்குத்தான். சிவாஜி கணேசனும் அப்படிப்பட்ட மேடையில் பெண் வேடங்கள் கட்டியவரே. சீதையாக நிற்கும் பையனைப் பார்த்து அன்றைய பார்வையாளர் சிரிக்கவில்லை. அவனோடு சேர்ந்து அழுதார்கள். ஆண் சேலை கட்டினாலே சிரிப்பு வரும் என்பது பின்னாளில், குறிப்பாகத் திரைப்படத்தில் பெண்களே பெண்களாக நடிக்கத் தொடங்கிய பிறகு, நமக்குப் பழகிப்போன ஒன்று.

இன்னொன்றும் தங்களுக்குத் தெரிந்திருக்கும். இளம் பெண்ணாக இருந்த அவ்வை, திருமணத்துக்கு வற்புறுத்தப்பட்டபோது பிள்ளையாரிடம் வேண்டித் தன் இளமையை முதுமையாக மாற்றிக்கொண்டார் என்பது மக்களிடையே வழங்கும் கதை. முதுமையே அவருக்குக் காவலாயிற்று. அந்தக் காவலுக்குள் நின்றுதான் அவர் நாடெல்லாம் நடந்தார், அரசவைகளில் பேசினார். அதே அவ்வையின் பெயரைச் சூடிக்கொண்டு, நடுவயது கடந்த மாமியின் கோலத்தில் வருகிற சண்முகிக்கோ அந்தக் காவல் கிடைக்கவில்லை. அவளை இரண்டு ஆண்கள் விடாமல் துரத்துகிறார்கள். பெயருக்குள்ளே இப்படி ஒரு துயரமும் இருப்பதால்தான் அது எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

கேள்வி: உயர்நிலை நான்கில் படிக்கும் என் மகள் இந்தப் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டாள். “ஓர் ஆண் சேலை கட்டி நடப்பதில் என்ன நகைச்சுவை? பெண்ணாக இருப்பதே கேலிக்குரியது என்று சொல்கிறார்களா?” என்று கேட்கிறாள். நான் சிறுமியாக இருந்தபோது விழுந்து விழுந்து சிரித்த படம். அவளுக்கு என்ன பதில் சொல்வது? (ஈசூன் வாசகி)

பதில்: சகோதரி, உங்கள் மகளின் கேள்வி நியாயமானது. “அந்தக் காலத்துப் படம், சும்மா பார்” என்று சொல்லி அவளை அடக்கிவிடாதீர்கள். நான் அவளோடு பேசினால் இப்படித்தான் பேசுவேன்.

மாறுவேட நகைச்சுவையில் சிரிப்பு எங்கே போய் விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அது ஒரே இடத்தில் விழுவதில்லை. சில காட்சிகளில் அது வேடத்தின்மேல் விழுகிறது. சேலைத் தலைப்பு நழுவுவது, குரல் தடுமாறுவது, ஆண் பலம் எதிர்பாராமல் வெளிப்படுவது ஆகியவை அந்த வகை. அவை எளிய சிரிப்புகள். அங்கே உங்கள் மகள் முகம் சுளித்தால் அதை நான் குறை சொல்லமாட்டேன். வேறு சில காட்சிகளில் சிரிப்பு வேடம் தரித்தவனை விட்டு விலகி, அவனைப் பார்க்கிற ஆண்களின்மேல் விழுகிறது. படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஐயர் ஊர் மதிக்கும் செல்வந்தர். மகள் சாதி மாறி மணந்ததைப் பொறுக்காதவர். ஒழுக்கத்தின் காவலராகத் தம்மை நினைத்துக்கொள்பவர். தம் வீட்டில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் அவர் வழிந்து நிற்கும்போது, வேடம் கலைவது அவருக்குத்தான். சண்முகியின் ஒப்பனை அப்படியே இருக்கிறது.

சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு இந்தக் காட்சிகளில் இன்னொரு பொருளும் புலப்பட வேண்டும். நம்முள் எத்தனையோ குடும்பங்களில் குழந்தைகளை வளர்ப்பவர் இல்லப் பணிப்பெண். அவர் உண்பதும் உறங்குவதும் முதலாளியின் கூரையின்கீழ். அந்த நிலையில் இருக்கும் ஒரு பெண்ணிடம் வீட்டின் தலைவர் ஆசை வார்த்தை பேசினால், அவர் எந்தத் துணிச்சலில் மறுப்பார்? இந்த நாட்டில் பணிப்பெண்களுக்கு வார ஓய்வு நாள் சட்டமானதே 2013இல்தான். சண்முகியால் ஐயருக்குப் போக்குக் காட்டிக்கொண்டே இருக்க முடிவதற்குக் காரணம், சேலைக்குள் இருப்பவன் ஓர் ஆண் என்பதும், எந்த நிமிடமும் வேடத்தைக் கழற்றிவிட்டு வெளியேற முடியும் என்பதும்தான். உண்மையான ஒரு மாமிக்கு அந்த வழி இல்லை. நாம் சிரிக்க முடிகிறதே, அதற்கு அடியில் இந்த உறுதிதான் இருக்கிறது. இதே காட்சியில் ஓர் உண்மையான பெண்ணை நிறுத்திக் கற்பனை செய்து பார்க்கும்படி உங்கள் மகளிடம் சொல்லுங்கள். அங்கே சிரிப்பு நின்றுவிடும். ஒரு நகைச்சுவைப் படம் இதைத் தன் பார்வையாளருக்குக் காட்டிவிட முடிந்தால், அது பெண்ணைக் கேலி செய்தது என்று முழுவதுமாகச் சொல்லிவிட முடியாது என்பது என் எண்ணம்.

மூன்றாவது வகைச் சிரிப்பும் இருக்கிறது. அது மிக மென்மையானது. மனைவியோடு வாழ்ந்த காலத்தில் குடும்பத்தின் பாரத்தைச் சரியாகத் தாங்காத பாண்டியன், சண்முகியான பிறகு குழந்தைக்கு வேண்டியதையெல்லாம் தன் கையாலேயே செய்கிறான். கணவனாக இருந்து கற்காததை ஒரு வேலைக்காரியாக இருந்து கற்கிறான். தகப்பனுக்கு மூடிய கதவு தாதிக்குத் திறக்கிறது என்பதில் உள்ள முரண் சிரிப்பையும் தருகிறது, மனத்தையும் வருத்துகிறது. உங்கள் மகள் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்து பார்த்தால், தன் கேள்விக்கான பாதி விடையை அவளே கண்டுபிடிப்பாள். மீதிப் பாதியில் படம் தவறுகிறது என்றே நானும் கருதுகிறேன். அதைக் கீழே வேறொரு கடிதத்துக்கு எழுதியிருக்கிறேன்.

கேள்வி: இது ‘மிசஸ் டவுட்ஃபயர்’ படத்தின் நகல்தானே? இதற்கு ஏன் இவ்வளவு பாராட்டு? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: அடிப்படைக் கதை அங்கிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. ராபின் வில்லியம்ஸ் நடித்த அந்த ஆங்கிலப் படம் 1993இல் வந்தது; அதுவும் ஆன் ஃபைன் எழுதிய ஒரு நாவலிலிருந்து எடுக்கப்பட்டதே. ஆனால் தமிழில் சேர்க்கப்பட்டவை வெறும் அலங்காரங்கள் அல்ல. அங்கே மணமுறிவுக்குக் காரணம் கணவன் மனைவியரின் குணபேதம். இங்கே அதோடு சாதியும் பணமும் சேர்கின்றன. ஆகவே பாண்டியன் பூணுகிற வேடம் இரட்டை வேடமாகிறது. அவன் பெண்ணாக மட்டுமன்றி ஐயர் வீட்டுப் பெண்ணாகவும் மாற வேண்டியிருக்கிறது. நடை, உடை, பேச்சு வழக்கு, அடுக்களை ஒழுக்கம் எல்லாமே தேர்வுக்கு உள்ளாகின்றன. அதே வீட்டில் நாசர் நடித்த பாஷா என்னும் இசுலாமியர், பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்பதற்காக ஊமையாக நடித்துக்கொண்டு, பிராமணச் சமையல்காரராக வேலை பார்க்கிறார். இரண்டு வேடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததன்மூலம், பிறப்பால் வருவதாக நாம் நினைக்கும் எத்தனை அடையாளங்கள் பயிற்சியால் வருபவை என்று படம் காட்டிவிடுகிறது. ஐயர் வீட்டில் எல்லாரும் பாஷா சமைத்ததைச் சாப்பிடுகிறார்கள். ருசியில் யாரும் குறை கண்டதாகத் தெரியவில்லை.

மகாபாரதம் அறிந்தவர்களுக்கு இங்கே விராட பருவம் நினைவுக்கு வராமல் போகாது. பாண்டவர்கள் தலைமறைவாக வாழ்ந்த ஆண்டில் வீமன் சமையற்காரனானான். அர்ச்சுனன் பிருகன்னளையாகி அந்தப்புரத்தில் உத்தரைக்கு நடனம் கற்பித்தான். இந்தப் படத்திலும் ஒரு சமையற்காரர், பெண் வேடத்தில் ஒரு நடனக்காரன். திட்டமிட்டுச் செய்தார்களோ இல்லையோ, அந்தப் பழைய கதையின் சாயல் இதில் விழுந்திருக்கிறது. அந்தக் கதையில் என்னை எப்போதும் வருத்துவது திரௌபதியின் பங்கு. ஆண்கள் எல்லாரையும் அவரவர் வேடம் காப்பாற்றியது. சைரந்திரியாகப் பணிப்பெண் கோலம் பூண்ட திரௌபதியைத்தான் அவள் வேடம், அவளை அடையத் துடித்த கீசகனிடம் கொண்டுபோய் நிறுத்தியது.

முடிவிலும் இரு படங்களும் வேறுபடுகின்றன. ஆங்கிலப் படத்தில் கணவனும் மனைவியும் மீண்டும் சேர்வதில்லை. குழந்தைகளைப் பார்க்கும் உரிமை மட்டும் தகப்பனுக்கு மீள்கிறது. தமிழில் குடும்பம் ஒன்றாகிறது. இந்த ஓர் இடத்தில் எனக்கு ஆங்கிலப் படத்தின் முடிவே நேர்மையானதாகப் படுகிறது.

கேள்வி: எல்லாரும் கமல்ஹாசனைப் பற்றியே எழுதுகிறீர்கள். ஜானகியைப் பற்றி ஒரு வரியாவது எழுதுங்களேன். (புக்கிட் பாத்தோக் வாசகி)

பதில்: எழுத வேண்டியதுதான். இந்தப் படத்தில் எனக்குள்ள மிகப் பெரிய மனக்குறையே ஜானகியைப் பற்றியது.

வீட்டுக்குள் யார் யாருக்கு என்ன தெரிகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜோசப்புக்கு எல்லாம் தெரியும். அவர்தானே வேடம் போட்டுவிட்டவர். குழந்தைக்கும் தன் தகப்பன் யார் என்பது தெரிகிறது. பார்வையாளராகிய நமக்கு முதலிலிருந்தே தெரியும். ஜானகிக்கு மட்டும் வெகுதூரம் வரை எதுவும் தெரியாது. வழக்காடி மணமுறிவு பெறும் அளவுக்குத் துணிந்த ஒரு பெண், யாரை விட்டுப் பிரிய முடிவெடுத்தாளோ அதே மனிதன் தன் வீட்டுக்குள் நடமாடுவதை அறியாமலே, அவனிடம் நம்பிக்கையோடு பழகுகிறாள். ஒரு பெண்ணிடம் மட்டுமே பேசக்கூடியதை அந்த மாமியிடம் பேசுகிறாள். அதைக் கேட்கும் உரிமை பாண்டியனுக்கு யார் கொடுத்தார்கள்?

காதல் கதையாகப் பார்த்தால் இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய வாய்ப்பு இருந்தது. தன்னைப் பற்றி மனைவி உண்மையில் என்ன நினைக்கிறாள் என்பதைக் கணவன் வேறொருவராக இருந்து கேட்கிறான். தான் செய்த காயத்தின் ஆழம் அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. சில காட்சிகள் அந்த வாய்ப்பைத் தொடவும் செய்கின்றன. ஆனால் உண்மை வெளிப்பட்ட பிறகு ஜானகி கோபப்பட்டு, யோசித்து, நாள் எடுத்துக்கொண்டு, தானாக முடிவு செய்யும் இடம் படத்தில் இல்லை. அவன் பட்ட பாட்டைப் பார்த்து அவள் மனம் மாற வேண்டும் என்று கதை எதிர்பார்க்கிறது. அவன் பட்ட பாடு உண்மைதான். அந்தப் பாட்டை அவளுக்காகப் படவில்லை, மகளுக்காகப் பட்டான் என்பதும் உண்மையல்லவா?

நம் மாறுவேட நகைச்சுவைகள் பலவற்றிலும் இந்தக் குறை இருக்கிறது. வேடம் போடும் அறிவு ஆணிடமும், ஏமாறும் அப்பாவித்தனம் பெண்ணிடமும் வைக்கப்படுகின்றன. பெண்ணுக்கும் வேடம் தெரிந்து, அவளும் தெரியாததுபோல் நடித்து, இருவரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டே நெருங்கும் கதையைத் தமிழில் யாராவது எடுத்தால் முதல் நாள் முதல் காட்சிக்கு நான் சென்று நிற்பேன்.

கேள்வி: காதல் மன்னன் ஜெமினி கணேசனை ஒரு கிழவராக வழியவிட்டது அவருக்கு இழுக்கு இல்லையா? (பிடோக் வாசகர்)

பதில்: இல்லை. காதல் மன்னன் என்ற பட்டத்தைச் சுமந்த ஒருவர் நடித்ததால்தான் அந்தப் பாத்திரம் வெறும் வழிசல் ஆகாமல் தப்பித்தது. வேறு நடிகர் செய்திருந்தால் ஐயர் வில்லனாகியிருப்பார். ஜெமினி கணேசனின் கண்களில் பழைய காதலனின் கனிவு மிச்சமிருந்தது. தனிமையில் இருக்கும் ஒரு முதியவரின் ஏக்கமும் தெரிந்தது. தம் புகழைத் தாமே பணயம் வைத்துச் சிரிக்க வைத்த அவரது பெருந்தன்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கேள்வி: ஆங்கிலத்தில் இத்தகைய படங்களுள் ஒன்றே ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் எதைச் சொல்வீர்கள்? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: பில்லி வைல்டர் இயக்கி 1959இல் வெளிவந்த ‘சம் லைக் இட் ஹாட்’. சிகாகோவில் 1929இல் நடக்கும் ஒரு கும்பல் கொலையை நேரில் பார்த்துவிட்ட இரண்டு இசைக்கலைஞர்கள், உயிருக்குப் பயந்து பெண் வேடமிட்டு, பெண்கள் மட்டுமே இருக்கும் ஓர் இசைக்குழுவில் சேர்ந்து ஃபுளோரிடாவுக்குப் போகிறார்கள். டோனி கர்ட்டிசும் ஜாக் லெமனும் அந்த இருவர். குழுவின் பாடகி மர்லின் மன்றோ.

இந்தப் படம் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டதற்கு ஒரு காரணம், வண்ணத்தில் சோதித்தபோது நடிகர்களின் ஒப்பனை பச்சை நிறமாகத் தெரிந்ததாம். வேடம் நம்பும்படி இருக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு அவ்வளவு அக்கறை. நம் சண்முகிக்கும் ஹாலிவுட் ஒப்பனைக் கலைஞர் மைக்கேல் வெஸ்ட்மோர் வரவழைக்கப்பட்டார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இரண்டு ஆண்களும் ஒரே சேலைக்குள், அல்லது ஒரே கவுனுக்குள், இரண்டு வேறு அனுபவங்களை அடைவதுதான் இந்தப் படத்தின் சிறப்பு. கர்ட்டிசின் பாத்திரத்துக்குப் பெண் வேடம் ஒரு கருவி. பாடகி தன் தோழி என்று நம்பிச் சொன்ன ரகசியங்களைக் கேட்டுக்கொண்டு, அவள் விரும்பும் வகைக் கோடீசுவரனாக இரண்டாவது வேடம் போட்டு அவளைக் கவர்கிறான். ஜானகியின் கதை உங்களுக்கு நினைவு வரும். அதே நம்பிக்கைத் துரோகம்தான். லெமனின் பாத்திரம் வேறு வழியில் போகிறது. மின்தூக்கியில் ஒரு பணக்காரர் தன்னிடம் கைவரிசை காட்டியதும் அவன் கொதித்துப்போகிறான். பெண்கள் அன்றாடம் படும் தொல்லை அவன் உடம்பில் உறைக்கிறது. பின்னர் அதே பணக்காரரோடு இரவெல்லாம் நடனமாடிவிட்டு, மணம் பேசி முடித்த மகிழ்ச்சியில் தான் ஆண் என்பதையே மறந்து திரும்புகிறான். கடைசியில் பொய்ம்முடியைக் கழற்றி எறிந்து தான் ஆண் என்று அறிவிக்கும்போது, அந்தப் பணக்காரர் சற்றும் கலங்காமல், குறையில்லாதவர் யார் இருக்கிறார்கள் என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்கிறார். அங்கே படம் முடிகிறது. வேடம் கலைந்த பிறகும் ஒருவர் இன்னொருவரை ஏற்க முடியும் என்று 1959இல் துணிந்து சொன்னார்கள். அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறந்த நகைச்சுவைப் படங்களின் வரிசையில் இதற்கே முதலிடம் கிடைத்தது.

கேள்வி: பெண் ஆண் வேடமிட்ட தமிழ்ப் படங்களே இல்லையா? (செங்காங் வாசகி)

பதில்: இருக்கின்றன. ஆனால் அவை நகைச்சுவைப் படங்கள் அல்ல. கே. பி. சுந்தராம்பாள் 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார்; அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். எம். எஸ். சுப்புலட்சுமி 1941இல் ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக வந்தார். அவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, கைகூப்பினார்கள். பெண் ஆணாக மாறினால் பக்தியும் மரியாதையும், ஆண் பெண்ணாக மாறினால் சிரிப்பு என்று நம் திரைப்படம் பங்கு பிரித்து வைத்திருக்கிறது. ஒன்றை ஏற்றமாகவும் மற்றதை இறக்கமாகவும் நாம் கருதுவதே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஈசூன் சகோதரியின் மகள் கேட்ட கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கேள்வி: ‘காதலிக்க நேரமில்லை’ படத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? (தேக்கா வாசகர்)

பதில்: ஸ்ரீதர் 1964இல் எடுத்த அந்தப் படத்தை விட்டுவிட யாருக்கு மனம் வரும்? அதில் முத்துராமன் பூணுவது பெண் வேடமன்று, பணக்கார முதியவரின் வேடம். அதனால்தான் முந்தைய குறிப்பில் சேர்க்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். அங்கே காதலியின் மனத்தை வெல்ல வேடம் தேவைப்படவில்லை. அவள் முன்பே மனத்தைக் கொடுத்துவிட்டாள். வேடமெல்லாம் பாலையா நடித்த தகப்பனாரின் சம்மதத்துக்காக. 1996இலும் ஏமாற்ற வேண்டியவர் பெண்ணின் தகப்பனாராகவே இருக்கிறார். முப்பத்திரண்டு ஆண்டுகளில் கார்களும் உடைகளும் மாறின. வாசற்படியில் நின்றவர் மாறவில்லை.

கேள்வி: வேடமிட்டாவது மகளைப் பார்க்கத் துடிக்கும் தகப்பனின் பாசத்தை நீங்கள் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். மணமுறிவு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், வாரம் ஒரு நாள் போதாது. (வாசகர், ஊர் குறிப்பிடவில்லை)

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. பாண்டியனின் பாசத்தை நான் குறைத்து எண்ணவில்லை. அந்தப் பாசம் இல்லையென்றால் படமே இல்லை. ஆனால் அவன் தேர்ந்த வழியை வாழ்க்கைக்கு வழியாகக் கொள்ள முடியாது. சிங்கப்பூரில் மாதர் சாசனம் என்னும் சட்டத்தின்கீழ் மணமுறிவு வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம், பிள்ளையின் நலனையே தலையாயதாகக் கொண்டு பராமரிப்பையும் சந்திக்கும் நேரத்தையும் முடிவு செய்கிறது. சூழ்நிலை மாறியிருந்தால் அந்த ஆணையை மாற்றக் கோரி மீண்டும் மனுச் செய்ய இடமுண்டு. வழக்கறிஞர் ஒருவரைக் கலந்து, அந்த வழியில் முயலுங்கள். உங்கள் மகளுக்கு நீங்கள் நீங்களாகவே போய் நிற்க வேண்டும்.

கேள்வி: குழந்தை பிறந்து இரண்டு மாதமாகிறது. தந்தையர் விடுப்பில் இருக்கிறேன். உறவினர் வரும்போதெல்லாம் “என்ன, அவ்வை சண்முகி ஆகிவிட்டாயா?” என்று கேட்கிறார்கள். சிரித்து மழுப்புகிறேன். (பொங்கோல் வாசகர்)

பதில்: மழுப்ப வேண்டாம் தம்பி. இந்த நாட்டில் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குழந்தைகளின் தகுதியுள்ள தந்தையருக்கு அரசாங்கச் செலவில் 4 வாரம் விடுப்பு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் எடுத்திருப்பது சட்டம் அளித்த உரிமை. குழந்தையைக் குளிப்பாட்ட பாண்டியனுக்கு மடிசார் தேவைப்பட்டது, உங்களுக்குத் தேவைப்படவில்லை. உறவினரிடம் இதையே சொல்லுங்கள்.

கேள்வி: இத்தகைய படங்கள் திருநங்கையரைப் புண்படுத்துவதில்லையா? (குவீன்ஸ்டவுன் வாசகர்)

பதில்: பல படங்கள் புண்படுத்தியிருக்கின்றன, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. பாண்டியன் வேடம் போடுகிறான். மாலையில் கழற்றி வைக்கிறான். ஒரு திருநங்கை வேடம் போடவில்லை. அவர் தாமாக வாழ்கிறார். இந்த இரண்டையும் ஒன்றாக்கி, மாறுவேடத்துக்கு எழுந்த அதே சிரிப்பை உண்மையான மனிதர்களின்மேல் திருப்பிவிட்டதுதான் நம் நகைச்சுவைத் தடங்கள் பல ஆண்டுகளாகச் செய்துவந்த கொடுமை. தமிழ்நாட்டில் 2008இல் திருநங்கையருக்கென நலவாரியம் அமைந்த பிறகும் அந்தச் சிரிப்பு திரையை விட்டு உடனே போய்விடவில்லை.

நம் மரபு இதைவிடப் பெரிய மனம் கொண்டது. களப்பலியாகப் போகும் அர்ச்சுனன் மகன் அரவானை மணக்கக் கண்ணனே மோகினியானான் என்பது, தமிழ்நாட்டில் திருநங்கையர் கூடும் கூவாகம் திருவிழாவில் ஆண்டுதோறும் நினைக்கப்படும் கதை. சௌத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலிலும் திரௌபதியோடு அரவானுக்கும் இடமுண்டு. தீமிதிக்குப் போகும்போது அந்தச் சன்னிதியில் நின்று, பெண்ணுருக் கொண்ட தெய்வத்தைப் பார்த்து நாம் சிரிப்பதில்லையே என்று எண்ணிப் பார்க்கலாம்.

கேள்வி: எங்கள் தொடக்கக்கல்லூரித் தமிழ் மன்ற நாடகத்தில் ஒரு மாணவன் ஒரு பெண்ணின் பாட்டியாக வேடமிட்டு, அந்தப் பேத்தியின் காதலுக்கு உதவுவதாகக் கதை. நான்தான் இயக்குகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்? (தொடக்கக்கல்லூரி மாணவி)

பதில்: மகிழ்ச்சியான கேள்வி. முதலில், குரலைக் கீச்சென்று உயர்த்தச் சொல்லாதீர்கள். இரண்டு நிமிடம் சிரிப்பு வரும், பிறகு சலிக்கும், வசனமும் கேட்காது. பாட்டிகள் பெரும்பாலும் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார்கள். குரலின் வேகத்தைக் குறைத்தாலே போதும். ஒப்பனைக்கு முன்பாகச் சேலையைக் கட்டி ஒத்திகை பாருங்கள்; கடைசி நாளில் கட்டினால் அவன் சேலையைத்தான் கவனிப்பான், கதையை மறப்பான். உட்கார்வது, எழுவது, குனிந்து ஒரு பொருளை எடுப்பது ஆகிய மூன்றும் சரியாக அமைந்தால் நடை தானாக வந்துவிடும். அவனைத் தன் சொந்தப் பாட்டியோடு ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து கவனித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

அடுத்தது கதையைப் பற்றியது. பாட்டிக்கு மேடையில் உண்மையான வேலை கொடுங்கள். கீரை ஆயட்டும், பேத்திக்குத் தலை வாரிவிடட்டும். வேலை செய்துகொண்டே பேசும்போது வேடம் நம்பும்படி ஆகும். பேத்திக்கு உண்மை எப்போது தெரிய வேண்டும் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், நடுப்பகுதியிலேயே தெரியட்டும் என்பேன். தெரிந்தும் அவள் காட்டிக்கொள்ளாமல் பாட்டியைச் சோதிக்கத் தொடங்கினால், உங்கள் நாடகத்தின் இரண்டாம் பாதி முழுவதும் அவள் கையில் இருக்கும். நடிக்கப் போகும் மாணவிக்கும் வெறுமனே நின்று கேட்பதைவிட அது நல்ல வேலை. ஒத்திகையின்போது ஒரு நாள் பாத்திரங்களை மாற்றி, அவளைப் பாட்டி வேடத்திலும் அவனைப் பேத்தியாகவும் நடிக்க வைத்துப் பாருங்கள். எந்த வசனம் ஒட்டவில்லை என்பது அப்போது தெரிந்துவிடும். அதை மட்டும் திருத்தி எழுதினால் போதும்.